ஆணத்தில் ஏறிய உப்பு

சமைப்பது மனதுக்கு இதம் என்று எழுதுகிறவர்களுக்கு வேறு யாரோ சட்டி கழுவிக் கொடுக்கிறார்கள். இது என் திடமான நம்பிக்கை. பிள்ளை தூங்கும் கொஞ்ச நேரத்தில் நான் கைபேசியைத் திறந்தால் இப்படியானவர்கள்தான் வரிசையாக வருவார்கள். ஒருத்தி மண்சட்டியில் எதையோ மெதுவாகக் கிளறுவாள். ஒருவர் பழைய மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிவிட்டு, கையால் ஒரு பொருளைத் திருத்துவதில் உள்ள ஆனந்தத்தைப் பற்றி நீளமாகச் சொல்வார். இன்னொருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு குருவியைப் பார்ப்பாள். பார்ப்பதோடு விடமாட்டாள். அது தனக்கு என்ன கற்றுத் தந்தது என்றும் சொல்வாள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கண்டக்குழியில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறவர்களுக்கென்று விடுதிகள் இருக்கின்றன. அப்படியான ஒன்றில், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் மீன் ஆணத்தை, அதாவது எங்கள் ஊர்க் குழம்பை, கிளறி, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, “வாழ்க்கை என்பது இதுதான்” என்று சொன்ன காணொளியை நான் பார்த்திருக்கிறேன். அந்த மீனைச் செதில் சீவி, குடல் எடுத்து, தேங்காய் துருவி, பால் பிழிந்தவள் படத்தின் ஓரத்தில் பாதி முகத்தோடு நின்றாள். அவள் கண்ணை மூடவில்லை.

எங்கள் வீட்டிலும் இந்த மூன்று இன்பங்களும் உண்டு. சமையல் எனக்கு. பழுதுபார்ப்பது என் கணவருக்கு. இயற்கையைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்கள் இருவருக்கும் நேரமில்லாததால் வேலிக்கு அப்பால் நிற்கும் கழுதைகள் அதைச் செய்கின்றன. போன கோடையில் இந்த இன்பங்களெல்லாம் ஒன்றுசேர்ந்து என் மகளின் குடிதண்ணீரைக் கெடுத்தன. அதைத்தான் எழுதப்போகிறேன். இதமாக இருக்காது.

எங்கள் வீடு கற்பிட்டிக்குப் பக்கத்தில், குறிஞ்சிப்பிட்டியில். வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்களில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் மாப்பிள்ளை வண்ணாத்திவில்லிலிருந்து வந்தார். ஒரு பெட்டியில் அவருடைய உடுப்பு வந்தது, இரண்டு பெட்டிகளில் ஸ்பானர்களும் குறடுகளும் வந்தன. வாப்பாவும் உம்மாவும் இப்போது புத்தளம் டவுனில் என் மூத்த சகோதரியோடு இருக்கிறார்கள். ஆகவே அந்த வளவில் நாங்கள் இருவரும், ஒன்றரை வயது மகளும், ஒரு கிணறும்.

அவருக்குக் கற்பிட்டி டவுனில் ஒரு மின்சாமான் கடையில் வேலை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சோறு தின்றதும் பெட்டியைத் திறப்பார். ஒழுங்காக ஓடுகிற பொருளைப் பார்த்தால் அவருக்குக் கை நமைச்சல் எடுக்கும். எங்கள் கிரைண்டர் அவர் திருத்தியதற்குப் பிறகு, மூடியை ஒரு கையாலும் சுவிட்சை இன்னொரு கையாலும் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும். வாசல் மணி இடி இடித்தால் தானாக அடிக்கும், மனிதர் அழுத்தினால் அடிக்காது. இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை. ஒரு மனிதன் வாரம் முழுக்க இன்னொருவனுடைய கடையில் நின்றுவிட்டு வருகிறான், அவனுக்கென்று ஒரு சந்தோசம் வேண்டாமா என்று நினைத்துக்கொள்வேன். இப்படி நினைத்துக்கொள்வதுதான் என்னுடைய பொழுதுபோக்கு.

எங்கள் மண்ணின் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி, நடுவில் மணல். அந்த மணலுக்குள் இறங்கிய மழைத் தண்ணீர், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல், பாலின் மேல் ஆடை நிற்பது போல நிற்கிறது. நல்ல தண்ணீர் அவ்வளவுதான். மேலாக எடுக்க வேண்டும், ஆறுதலாக எடுக்க வேண்டும். ஆழமாகத் தோண்டினால், அவசரமாக இழுத்தால், கீழே இருப்பது மேலே வரும். இதை இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. அடுப்பு சுடும் என்று பெரிய ஆளுக்குச் சொல்லிக் கொடுப்போமா? அதனால் அவருக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

வண்ணாத்திவில்லில் கிணறு வேறு சாதி. அங்கே கல்லை உடைத்து இறங்க வேண்டும். வற்றினால் இன்னும் இறங்க வேண்டும். இறங்குகிறவனுக்குத் தண்ணீர் உண்டு. அவர் அந்த ஞானத்தோடு வளர்ந்தவர்.

கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் அந்த மாதங்களில் கிணறு குறைந்து, மோட்டார் தண்ணீரோடு காற்றையும் இழுத்துக் கொக்கரிக்கும். நிறுத்திவிட்டு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருப்பேன். அவரால் முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை நான் பிள்ளையோடு உம்மா வீட்டுக்குப் போய், மறுநாள் திரும்பி வந்தபோது, தண்ணீர்த் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. அவர் கிணற்றடியில் புதுமாப்பிள்ளை போல நின்றார்.

“பாத்தியா? இனி மோட்டார் காத்து இழுக்காது. டேங்க் கொறஞ்சா தானா ஓடும், நெரம்பினா தானா நிக்கும். நீ சுவிட்சிலயே கை வைக்கத் தேவல்ல.”

“என்ன செஞ்சீங்க?”

“சின்ன வேலதான்.”

சின்ன வேலை என்று அவர் சொன்னது, கிணற்றுக்குள் இறங்கி, அடி மணலைக் கூடை கூடையாக அள்ளி வெளியே எடுத்து, ஓர் ஆள் உயரத்துக்குப் புதுக் குழாய் ஒட்டி இறக்கியதை. அள்ளிய மணலை வாழையடியில் பரப்பிவிட்டிருந்தார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார் கொக்கரிக்கவில்லை என்பதுதான். நன்றியில் அன்று அவருக்கு விருப்பமான கோழி ஆணம் காய்ச்சினேன். இப்போது அந்தக் கோழியை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து வண்ணாத்திவில்லிலிருந்து மாமி, என் கணவரின் உம்மா, வந்தார். பேத்தி சரியாகத் தின்பதில்லை என்று கேள்விப்பட்டு, நான் எப்படி அவளுக்குச் சோறு தீத்துகிறேன் என்று பார்க்க வந்தார். முதல் நாள் பகல் சோற்றில் இரண்டு பிடி உண்டுவிட்டுப் பீங்கானைப் பார்த்தார்.

“புள்ள, இது மீனாணமா, கடலா?”

“கூடிட்டா மாமி?”

“கூடிட்டாவா? மீன் உசிரு வந்து நீந்தப் பாக்குது.”

அவருடைய மகனைப் பார்த்தேன். அவர் குனிந்தபடி, “கொஞ்சம் கூடிட்டு போல” என்றார். அந்த ‘போல’ எனக்காகப் போட்ட மரியாதை.

கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிறவள் நான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள். நீ இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாய் என்று என்னை நம்பவைக்க யாரும் சிரமப்படத் தேவையில்லை. மறுநாள் பாதி உப்புப் போட்டேன். அதற்கு மறுநாள் கால்வாசி. ஆணம் அப்படியே இருந்தது. கடைசியில் மாமி உப்புப் போத்தலையே எடுத்துக்கொண்டு போய் அறையில் அலுமாரிக்கு மேல் வைத்தார்.

“உப்பு வேணுமெண்டா என்னக் கேளு. நான் வந்து போடுறன்.”

அவர் வந்து விரல் நுனியால் போட்டார். பகல் பீங்கானில் கை வைத்து, வாயில் வைத்து, என்னைப் பார்த்தார்.

“ஒன்ட கையிலயே உப்பு ஊறிப் போயிருக்கி.”

நான் குசினிக்குப் போய்க் கையைக் கழுவினேன். உண்மையாகவே கழுவினேன், அவ்வளவு படித்தவள். சவர்க்காரம் நுரைக்கவில்லை. இந்தக் கடைக்காரன் இப்போது போலிச் சவர்க்காரம் விற்கிறான் என்று நினைத்தேன். பருப்பு வேகவில்லை, பழைய பருப்பு என்று நினைத்தேன். தேத்தண்ணீர் சப்பென்றிருந்தது, தேயிலையைக் குறை சொன்னேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன் என்று கலியாணப் பேச்சில் வாப்பா பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். அந்த விஞ்ஞானத்தில் எனக்கு மிஞ்சியது, மூன்று தடயத்துக்கு மூன்று கடைக்காரர்களைத் திட்டுகிற திறமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மூன்று வளர்ந்த மனிதர்கள் ஒரு நாளைக்கு ஐந்து தரம் அந்தத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்து, தொழுகைக்கு உளூச் செய்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. உப்பு ஒரே நாளில் ஏறவில்லை, நாளுக்குக் கொஞ்சமாக ஏறியது. நாக்கும் நாளுக்குக் கொஞ்சமாகப் பழகியது. மாமி வெற்றிலை போடுகிறவர். அவருடைய மகன் பகலெல்லாம் கடையில் சோடா குடிக்கிறவர். எனக்கோ என் நாக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது. ஆணத்தில் மட்டும் பிடிபட்டது, ஏனென்றால் ஆணம் வற்றுகிறது. குறை சொல்ல ஓர் ஆளும் அதன் பக்கத்தில் நிற்கிறாள்.

மகளுக்குத்தான் தெரிந்தது. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சியை ஒரு வாய் வாங்கித் துப்பினாள். தண்ணீர்க் கோப்பையைத் தட்டிவிட்டாள். வயிறு இளகியது. உதடு காய்ந்தது. மடியில் எடுத்தால் முந்தியைவிட லேசாக இருப்பது போலத் தோன்றியது. தோன்றுகிறதா, உண்மையா என்று தெரியாமல் தூக்கி இறக்கித் தூக்கிப் பார்த்தேன். மிட்வைஃப் மிஸ் வாயைத் திறந்து பார்த்துப் பல்லு வருகிறது என்றார். கைபேசி பல்லில் தொடங்கிச் சிறுநீரகத்தில் கொண்டுபோய் விட்டது. மாமி கண்ணூறு என்றார். பள்ளிவாசலில் கொடுத்து ஓதிக்கொண்டு வரவென்று ஒரு போத்தல் தண்ணீரை அள்ளி அனுப்பினார். எந்தக் கிணற்றில் அள்ளினார் என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளை அதையும் துப்பினாள். மாமிக்கு அது பெரிய அதிர்ச்சி.

இந்த இடத்தில் குருவி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தானாக நிற்க வேண்டிய மோட்டார் பிந்தி நிற்பதால் தொட்டி வழிந்து உடுப்புக் கல்லடியில் தேங்கும் தண்ணீரில் மைனாக்கள் சிறகடித்துக் குளித்தன. கழுதைகள் வேலி இடுக்கால் கழுத்தை நீட்டி அதே தண்ணீரை உறிஞ்சிவிட்டு என்னை ஆறுதலாகப் பார்த்தன. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “காக்கா பார், கழுத பார்” என்று நடந்து நடந்து கஞ்சி தீத்தினேன். எத்தனையோ நேரம் உற்றுப் பார்த்திருக்கிறேன். இயற்கை எனக்கு ஒன்றுமே சொல்லித் தரவில்லை. உப்புத் தண்ணீர் கழுதைக்குப் போதும், அது ஏன் சொல்லப்போகிறது?

பயம்தான் எனக்கு உதவியது. வெங்காயத் தோட்டங்களுக்குப் போடும் பசளை எங்கள் கிணறுகளுக்குள் இறங்குகிறது, சின்னப் பிள்ளைகளுக்குக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு எப்போதும் உண்டு. பயப்பட வேறு எதுவும் மிச்சமில்லாத ஒரு நாளில் நான் அதற்கும் பயந்தேன். கடையிலிருந்து பெரிய போத்தல் தண்ணீர் வாங்கிவரச் சொன்னேன். கோப்பையில் ஊற்றி வைத்ததும் மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடையில் மூச்சு வாங்கி, அடிவரைக்கும் குடித்தாள். வெறும் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

நான் சந்தோசப்பட்டேனா? தாகமென்றால் நீரிழிவாக இருக்குமோ என்று பயந்தேன். பயந்துகொண்டே அந்தப் போத்தல் தண்ணீரில் அவளுக்குப் பருப்பு வைத்தேன். நாள்கணக்காகக் கல்லுப் போல நின்ற அதே பருப்பு, பூப்போல மலர்ந்து கரைந்தது.

“மாமி, இஞ்ச வாங்களேன்.”

மாமி வந்து எட்டிப் பார்த்தார். “வெல குடுத்து வாங்கின தண்ணி. வேகாம வேறென்ன செய்யும்?”

அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு மூளை ஓடியது. இரண்டு சட்டி எடுத்தேன். ஒரே அளவு பருப்பு, ஒரே அளவு தண்ணீர், ஒரே நெருப்பு. ஒன்றில் போத்தல் தண்ணீர், மற்றதில் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் உப்பில்லை. உப்புப் போத்தல்தான் அலுமாரிக்கு மேல் சிறையில் இருந்ததே. மாமியைக் கதிரை போட்டு அடுப்படியில் உட்கார வைத்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்து வந்தார். இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லத்தான் வேண்டும். கொப்பளித்ததும் கிணற்றுத் தண்ணீரில் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. போத்தல் தண்ணீர் கொடுத்து இன்னொரு தரம் கொப்பளிக்க வைத்தேன்.

ஒரு பருப்பு கரைந்தது. மற்றது கரையவில்லை. மாமி கரையாத சட்டியின் தண்ணீரை அகப்பையில் எடுத்து ஊதி உறிஞ்சினார். அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு நான் எத்தனை நாளும் பட்டினி கிடந்திருப்பேன்.

“அல்லாவே” என்றார். பிறகு மெதுவாக, “இதயா புள்ளைக்குக் குடுத்தோம்?” என்றார்.

கொடுத்தோம் என்றார், கொடுத்தாய் என்று சொல்லவில்லை. எனக்குச் சண்டை போட வந்த வேகம் அதில் பாதி இறங்கிவிட்டது. மீதியை அவருடைய மகனுக்கு வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கணவர் கடையிலிருந்து வந்ததும் இரண்டு கோப்பையை முன்னால் வைத்தேன். இரண்டையும் குடித்துப் பார்த்தார். மோட்டாரில் துரு இருக்கும் என்றார். தொட்டியில் பாசி இருக்கும் என்றார். கழற்றிக் கழுவிப் பூட்டுவோம் என்றார். கழற்றுவது என்றதும் முகம் பிரகாசித்தது, கை குறட்டைத் தேடி எடுத்தது.

“கிணத்துக்குள்ள என்ன செஞ்சீங்க?”

“கொஞ்சம் ஆழமாக்கினன்.”

“எவ்வளவு?”

கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

“இது வண்ணாத்திவில்லா? அங்க கீழ போனா தண்ணி. இஞ்ச கீழ போனா கடல்.”

“அப்ப இன்னும் கொஞ்சம் எறக்கினா அதுக்கும் கீழ நல்ல தண்ணி வராதா?”

அதற்கு மாமிதான் மகனை வாப்பா என்று செல்லமாகக் கூப்பிட்டுப் பதில் சொன்னார். “வாப்பா, நீ இன்னும் எறக்கினா அங்கால பக்கத்தால இந்தியாவுக்குப் போயிருவ. அந்தக் கொறட்டக் கீழ வை.”

அடுத்த வளவுக் கிணறு கெடவில்லை. அவர்கள் வாளியால் அள்ளுகிறவர்கள். அன்றிலிருந்து பிள்ளைக்கும் எங்களுக்கும் அங்கேதான் தண்ணீர் எடுத்தேன். ஒரு வாளி எடுத்தால் பத்து வாளிக்குக் கதை கேட்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் வேலியில் கை வைத்துக்கொண்டு, “ஒங்கட மாப்புள மோட்டாரப் பூட்டிக் கடலையே இழுத்துட்டாராமே, மீனும் வந்திச்சா?” என்று கேட்டாள். நானும் சிரித்தேன். தண்ணீர் அவளுடையது.

என் கணவர் குழாயை மேலே எடுக்கிறேன், எடுக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை எடுக்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளிருந்தது. தொட்டி குறைய, அவருடைய கெட்டித்தனத்தால் மோட்டார் தானாக ஓடியது, இன்னும் உப்பை இழுத்தது. அந்தச் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிணறு இன்னும் தள்ளிப் போகிறது, பிறகு மழை வந்தாலும் திரும்பாது, இந்தப் பிள்ளை அயல் வீட்டு வாளியை நம்பி வளரும் என்று நினைத்தேன். அவர் கடைக்குப் போனதும் பிளக்கைப் பிடுங்கினேன். மாமியிடம் பிள்ளையைக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து, இரும்பு அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

“ஒனக்குத் தெரியுமா புள்ள?”

“தெரியாது மாமி.”

“அப்ப சரி. தெரிஞ்சவன் செஞ்சதத்தானே பாத்துட்டம்.”

குழாய் நினைத்ததைவிடப் பாரம். கயிற்றுக் கட்டை அவிழ்த்து, இழுத்து, கிணற்று விளிம்பில் சாய்த்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். வெள்ளைத் தூள் கையில் கொட்டியது. சரியான இடத்தில் அறுக்கிறேனா, பழைய ஒட்டு இதுவா, அதற்கு மேலிருப்பதா என்று பாதியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கடைசி நூல் அறுந்து, அந்த ஆள் உயரத் துண்டு மணலில் விழுந்தபோது எனக்கு வந்தது சந்தோசம்தான். காணொளிக்காரர் சொல்லும் அதே சந்தோசம், கையால் ஒரு பொருளைச் சரிசெய்கிற ஆனந்தம். வெட்கக்கேடு. யாரிடமும் சொல்லவில்லை. அறுந்த துண்டின் நுனியில் இருந்த அடி வால்வைக் கழற்றி மீதிக் குழாயில் பூட்டுவதற்குள் இரண்டு தரம் தலைகீழாகப் பூட்டினேன் என்பதையும் சொல்லவில்லை.

பின்னேரம் கணவர் வந்து, அறுந்த துண்டைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். “எவ்வளவு வடிவா ஒட்டியிருந்தன்” என்றார். கோபம் இல்லை. ஒரு நல்ல ஒட்டுக்கு வந்த கேட்டை நினைத்துக் கவலைப்பட்டார். எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு பிள்ளையின் உதட்டைப் பார்த்தேன், பாவம் போய்விட்டது. வாழையடியில் பரப்பிய மணலை அவரைக் கொண்டே அள்ளுவித்து, கிணற்றின் அடியில் திரும்பக் கொட்டுவித்தேன். மாமி கதிரையில் இருந்துகொண்டு கூடைக்குக் கூடை, “இன்னும் கொண்டா, இன்னும் கொண்டா” என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. மோட்டார் இல்லை. காலையில் ஒரு வாளி மேலாக அள்ளி, நாக்கில் வைத்துப் பார்ப்பேன். முதலில் குறைந்தது போலிருந்தது. மறுநாள் கூடினது போலிருந்தது. என் நாக்கை நம்பாமல் மாமியைக் கூப்பிடுவேன். அவர் ஒரு மிடறு குடித்து, வானத்தைப் பார்த்து யோசித்து, “நேத்தையப் போலத்தான்” என்பார். நேற்றும் அதைத்தான் சொன்னார். கச்சான் ஓய்ந்தது. ஒரு பின்னேரம் மழை தொடங்கி விடியும்வரை பெய்தது. மைனாக்களுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. கிணற்றுக்கு மேல் தகரம் இருக்கிறதே, மழை உள்ளே விழுமா, எடுக்க வேண்டுமா, எடுத்தால் இலைகுழை விழுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் மாமி போகவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகுதான் போவேன் என்றார். அவருக்கு நான் தேவையில்லை, பேத்தியும் கிணறும்தான் தேவை. எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு காலையில் வாளியை விளிம்பில் வைத்துவிட்டு, கொதிக்க வைக்கப் பானை எடுத்து வரக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தபோது மாமி வாளியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். மகள் இரண்டு கையையும் உள்ளே விட்டு, அள்ளி, முகமெல்லாம் நனைய உறிஞ்சிக்கொண்டிருந்தாள். துப்பவில்லை. மறுபடி அள்ளினாள்.

“மாமி, இன்னும் கொதிக்க வைக்கல்ல!”

“குடிக்கட்டும் புள்ள. ஒனக்கும் எனக்கும் தெரியாதது இதுக்குத் தெரியும்.”

வாளியைப் பறிக்க நீட்டிய கையை வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு வாய் குடிக்க விட்டேன். பிறகு இன்னொன்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்ப் பானையில் ஊற்றி, அடுப்பைப் பற்ற வைத்தேன். பின்னால் பிள்ளை தண்ணீர் கேட்டு வளவு அதிரக் கத்தினாள்.